சமையலறையில் சாக்கெட் எங்கே இருக்க வேண்டும்?

சமையலறையில் விழுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்றதும் ஈரத் தரையும் எண்ணெய் சிந்திய இடமும்தான் நினைவுக்கு வரும். சுவரில் மின் சாக்கெட் இருக்கும் இடத்தைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஆனால் காலையில் தண்ணீர் கொதிக்க வைப்பது முதல் இரவு மைக்ரோவேவில் பால் சூடாக்குவது வரை, ஒரு நாளில் எத்தனை முறை பிளக்கைச் செருகி எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருக்கிறதா? அடுப்பின் மேல் கையை நீட்ட வேண்டியிருக்கிறதா? தரையில் கிடக்கும் வயரைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறதா?

முப்பது வயதில் இவையெல்லாம் பெரிய விஷயங்களாகத் தோன்றியிருக்காது. எழுபது வயதில் கீழே விழுவதற்கும், கையைச் சுட்டுக்கொள்வதற்கும், மின்சாரம் தாக்குவதற்கும் இவையே காரணமாகலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் மறுபடியும் தனியாகச் சமைக்கத் தயங்குகிறார்கள். உங்கள் சமையலறையில் நீங்களே தொடர்ந்து சமைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கையேடு.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்றுதான். சாக்கெட் கைக்கு எட்ட வேண்டும். தண்ணீரும் சூடும் சாக்கெட்டுக்கு எட்டக்கூடாது. வயர் நடக்கும் வழியில் வரக்கூடாது.

வயதாகும்போது என்ன மாறுகிறது?

இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு, குனிந்து நிமிரும்போது தலை சுற்றும். தரையோரமாக இருக்கும் சாக்கெட்டைத் தேடிக் குனிந்துவிட்டு எழும் நொடியில்தான் தடுமாற்றம் வருகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்கவோ தூரமாக நீட்டவோ வலிக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலடியில் வயர் சிக்கியிருப்பது தெரியாமலே போகலாம்.

கண்புரை இருந்தால் வெள்ளைச் சுவரில் உள்ள வெள்ளைச் சாக்கெட்டின் துளைகள் சரியாகத் தெரியாது. விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள் இறுக்கமான பிளக்கை எடுக்க முடியாமல் வயரைப் பிடித்து இழுப்பார்கள். அப்படி இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பி நாளடைவில் தளர்ந்துபோகும்.

முதியவர்களின் தோல் மெலிந்திருப்பதால், அதே சூட்டுத் தண்ணீர் பட்டாலும் காயம் ஆழமாகப் பதியும், ஆறவும் நாளாகும்.

எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

அளவுநாடா வேண்டியதில்லை, உங்கள் கையே போதும். சமையல் மேடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சாக்கெட் இருந்தால் நல்லது. பெரும்பாலான வீடுகளில் மேடையின் உயரம் 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேல் ஒரு சாண் என்றால் தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 சென்டிமீட்டர். நின்றுகொண்டு சமைப்பவரின் முழங்கை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். குனியவும் வேண்டாம், கையைத் தூக்கவும் வேண்டாம்.

மேடையை ஒட்டினாற்போல் சாக்கெட் இருந்தால், மேடையைத் துடைக்கும் தண்ணீர் அதற்குள் போகலாம். மேல் கேபினட்டுக்கு அருகில் இருந்தால் எக்கி நிற்க நேரிடும். எக்கி நிற்கும்போது உடம்பின் பாரம் கால் விரல்களுக்குப் போய்விடுவதால் நிலை தடுமாறுவது எளிது. நாற்காலி போட்டு ஏறி நின்று பிளக்கைச் செருகும் வழக்கம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. மேடையின் ஆழம் பொதுவாக 60 சென்டிமீட்டர். உட்கார்ந்தபடி அத்தனை தூரம் கையை நீட்டிப் பின்சுவரைத் தொடுவது கடினம். அவருக்குப் பக்கச் சுவரில், மேடையின் முன்விளிம்பிலிருந்து ஒரு முழத்துக்குள் சாக்கெட் இருப்பது வசதி. இன்று நடமாட்டம் நன்றாக இருந்தாலும், வீட்டைப் புதுப்பிக்கும்போது அப்படி ஒரு சாக்கெட் வைத்துக்கொண்டால் பிற்காலத்தில் உதவும்.

அடுப்பிலிருந்தும் சிங்க்கிலிருந்தும் எவ்வளவு தூரம்?

குறைந்தது ஒரு முழம். அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுப்புக்கு நேர் பின்னால் உள்ள சாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டாம். எரியும் அடுப்பின் மேல் கையை நீட்டினால் சட்டைக் கை, சேலை முந்தானை, துப்பட்டா ஆகியவற்றில் தீப்பிடிக்கலாம். கொதிக்கும் குழம்பைத் தட்டிவிடவும் கூடும். வயர் சூட்டில் உருகும். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் சாக்கெட்டில் படிந்து, அதன்மேல் தூசி சேரும்.

சிங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கெட்டில் வேறு ஆபத்து இருக்கிறது. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும், ஈரமான தோல் அப்படித் தடுக்காது. பாத்திரம் கழுவிய கையோடு சுவிட்சைத் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, உலர்ந்த துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். துண்டைத் தொட்ட பிறகுதான் சுவிட்சைத் தொடுவது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஆணி அடிக்கும்போது மட்டும் சாக்கெட்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடிக்காதீர்கள். சுவருக்குள் வயர் அந்த வழியாகத்தான் போகும். சந்தேகமாக இருந்தால் ஆணிக்குப் பதில் ஒட்டும் கொக்கியைப் பயன்படுத்துங்கள்.

எந்தச் சாதனத்தை எங்கே வைப்பது?

கெட்டில்: இதன் வயர் வேண்டுமென்றேதான் குட்டையாகச் செய்யப்படுகிறது. வயர் மேடை விளிம்பில் தொங்கினால் கை பட்டு, கொதிக்கும் தண்ணீர் மேலே கவிழும். அதனால் கெட்டிலை மேடையின் உட்புறமாகச் சுவரை ஒட்டி வையுங்கள். நிறைந்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, ஒரு குவளையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவது கைக்கும் நல்லது, தரையும் நனையாது.

ரைஸ் குக்கர்: ஆவி வரும் துளைக்கு நேர் மேலே சாக்கெட் இருக்கக்கூடாது. தினமும் ஆவி பட்டால் சாக்கெட்டுக்குள் ஈரம் சேரும். குக்கரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் போதும்.

மிக்சி: இதைச் செருகும் சாக்கெட்டின் சுவிட்ச், மிக்சியின் மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் அணைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியாக இருந்தால் பிளக்கைக் கவனியுங்கள். இங்கும் இந்தியாவிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான். ஆனால் அங்குள்ள பிளக்கின் கம்பிகள் உருண்டையாக இருக்கும், இங்குள்ள சாக்கெட்டின் துளைகள் செவ்வகமானவை. தளர்ந்த அடாப்டரில் செருகினால் பொறி பறக்கும், சூடேறும். பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று கம்பிப் பிளக்கை மின்பணியாளரைக் கொண்டு மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிப் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக் குச்சியையோ விடுவது மிகவும் ஆபத்தானது.

கிரைண்டர்: கனமாக இருப்பதால் பலர் இதைத் தரையிலேயே வைத்துவிடுகிறார்கள். அப்போது வயர் நடைபாதையின் குறுக்கே வருகிறது. மாவு அரைக்கும்போது தரையில் தண்ணீரும் சிந்துகிறது. முடிந்தால் மேடைமேல் வைக்கும் சிறிய கிரைண்டருக்கு மாறுங்கள். தரையில்தான் வைக்க வேண்டும் என்றால் சுவரோரமாக, சாக்கெட் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள்.

மைக்ரோவேவ்: இதன் அடித்தளம் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தோளுக்கு மேலிருந்து சூடான ரசக் கிண்ணத்தை இறக்கினால் அது முகத்தில் கொட்டலாம். ஆகவே முதலில் சாதனத்துக்கு ஏற்ற உயரத்தை முடிவு செய்யுங்கள், பிறகு அதற்குப் பக்கத்தில் சாக்கெட்டை அமையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி: இதற்குத் தனிச் சாக்கெட் வேண்டும். பெட்டிக்குப் பின்னால் சாக்கெட் மறைந்திருந்தால், அவசரத்துக்கு அணைக்கப் பெட்டியை இழுக்க வேண்டியிருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்கட்டும்.

சலவை இயந்திரம்: நம் வீவக வீடுகளில் இது சமையலறையிலோ அதை ஒட்டியோதான் இருக்கும். குழாய் கழன்றால் தண்ணீர் முதலில் தரையில்தான் தேங்கும். சாக்கெட் இயந்திரத்தின் மேல்மட்டத்துக்கு மேலே இருப்பது பாதுகாப்பு.

ஒரே சாக்கெட்டில் எத்தனை சாதனங்கள்?

இங்குள்ள சாக்கெட் 13 ஆம்பியர் அளவுக்கானது. 230 வோல்ட்டுடன் பெருக்கினால் 2,990 வாட். 3,000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகி, அதில் நான்கு துளைகள் இருந்தாலும், நான்குக்கும் சேர்த்து இந்த 3,000 வாட்தான்.

ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் அதன் வாட் அளவு எழுதப்பட்டிருக்கும். கெட்டில் 2,200 வாட், ஏர் ஃபிரையர் 1,500 வாட் என்றால் கூட்டுத்தொகை 3,700. இரண்டையும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஓட்டக்கூடாது. ரைஸ் குக்கர் 700, மிக்சி 600 என்றால் மொத்தம் 1,300. இது அளவுக்கு உட்பட்டது. பொதுவாக, தண்ணீரையோ உணவையோ சூடாக்கும் சாதனங்கள் அதிக மின்சாரம் எடுக்கும். அவற்றை நேரடியாகச் சுவர்ச் சாக்கெட்டிலேயே செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வேண்டாம்.

தீபாவளி, பொங்கல் நாள்களில் கிரைண்டர், கெட்டில், மைக்ரோவேவ், பூசை மேடையின் வண்ண விளக்கு எல்லாம் ஒன்றாக ஓடும். பழைய வீடுகள் சிலவற்றில் வீட்டின் பிரதான சுவிட்ச் 30 ஆம்பியர் அளவுதான். அப்படிப்பட்ட நாள்களில் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிளக் தொட்டால் சுடுகிறதா? சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிகிறதா? சுவிட்சைப் போடும்போது சடசடவென்று ஒலி கேட்கிறதா? கருகிய வாடை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கெட்டை அணைத்துவிட்டு, மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள்.

சுவரை உடைக்க முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

புதிய சாக்கெட் அமைக்கச் செலவாகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் சுவரைத் தொடவும் முடியாது. கவலை வேண்டாம். சாக்கெட்டை நகர்த்த முடியாவிட்டாலும் சாதனங்களை நகர்த்த முடியும்.

முதலில், தினமும் பயன்படுத்தும் சாதனங்கள் எவை, எப்போதாவது பயன்படுத்துபவை எவை என்று பிரியுங்கள். நல்ல உயரத்தில் உள்ள சாக்கெட்டைத் தினசரிச் சாதனங்களுக்கு ஒதுக்குங்கள். மற்றவற்றைத் துடைத்துக் கேபினட்டில் வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு சுவிட்சின் மேலும் சிவப்பு அல்லது நீல நிறத்தில் ஒட்டும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். கண் பார்வை மங்கியவர்களுக்கும் சுவிட்ச் பளிச்சென்று தெரியும். துளைகளின் மேலோ பக்கத்திலோ ஒட்டாமல், சுவிட்சில் மட்டும் ஒட்டுங்கள்.

பிளக்கை அடிக்கடி எடுப்பது கைக்குக் கடினமாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு, சுவிட்சை மட்டும் அணைத்துப் பழகலாம். ஆனால் சாதனத்தைக் கழுவும்போதும் துடைக்கும்போதும் பிளக்கை எடுத்தே ஆக வேண்டும்.

குறைந்த மின்சாரம் எடுக்கும் சாதனத்துக்கு எக்ஸ்டென்ஷன் தவிர வேறு வழியில்லை என்றால், பாதுகாப்பு முத்திரை உள்ளதை வாங்கி, மேடையின் மேல் ஈரம் படாத மூலையில் வையுங்கள். தரையில் போட வேண்டாம். கால்மிதிக்கு அடியில் வயரை மறைக்கவும் வேண்டாம். மறைந்த வயர் தேய்ந்துபோனாலும் நம் கண்ணில் படாது.

மின்கசிவைத் தடுக்கும் கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா?

சாக்கெட் எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும், ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் அவசியம். மின்சாரம் கசிந்து மனித உடல் வழியாகத் தரைக்குப் பாயத் தொடங்கினால், இது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிளக்கில் உள்ள ஃபியூஸ் இந்த வேலையைச் செய்யாது. ஃபியூஸ் 13 ஆம்பியருக்கு மேல் போனால்தான் எரியும். வீடுகளில் உள்ள ஆர்.சி.சி.பி.யோ 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே செயல்படும். அது ஃபியூஸின் அளவில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் இந்தக் கருவி இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இது கட்டாயம். இல்லாத வீடுகளில் பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். அகலமான சுவிட்சும், அதன் பக்கத்தில் சோதனைக்கான சிறு பொத்தானும் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பழுதாகிவிட்டது என்று பொருள்.

சமைக்கும்போது திடீரென்று மின்சாரம் நின்று, இந்தச் சுவிட்ச் விழுந்திருந்தால், முதலில் எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். பிறகு சுவிட்சை மேலே தள்ளுங்கள். ஒவ்வொரு சாதனமாகச் செருகி வாருங்கள். எதைச் செருகும்போது மறுபடி விழுகிறதோ அதில்தான் கோளாறு. அதை ஒதுக்கி வையுங்கள். சுவிட்ச் விழாமல் இருக்க அதை டேப் போட்டு ஒட்டாதீர்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது?

சாக்கெட்டை இடம் மாற்றுவதும் புதிதாகப் போடுவதும், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்று மற்றவர்களிடம் கொடுக்காதீர்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வீட்டைப் புதுப்பிக்கும்போது பிள்ளைகளும் குத்தகைக்காரரும் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவது உண்டு. சமைக்கப்போவது நீங்கள் என்றால், சுவரை உடைப்பதற்கு முன் நீங்களே அங்கு போய் நில்லுங்கள். "இங்கே கெட்டில், இங்கே குக்கர், என் கை இதுவரைதான் எட்டும்" என்று காட்டுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் குறி போடச் சொல்லுங்கள். அடம்பிடிப்பதாக யாராவது நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஒருமுறை பூசிவிட்ட சுவரை மாற்றுவது கடினம்.

ஏதாவது நடந்துவிட்டால்

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, 995-ஐ அழையுங்கள்.

மின்சாதனத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாதுகாப்பாக அணைக்க முடிந்தால் மின்சாரத்தை அணையுங்கள். முடியாவிட்டால் உடனே வீட்டைவிட்டு வெளியேறி 995-ஐ அழையுங்கள்.

சூடு பட்டால் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பற்பசை, சோயா சாஸ், மாவு, வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ நீரிழிவு இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றைக்கே பார்த்துவிடுங்கள்

இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

• தினமும் பயன்படுத்தும் சாக்கெட் குனியாமல், எக்காமல் எட்டுகிறதா?
• அடுப்பிலிருந்தும் சிங்க்கிலிருந்தும் ஒரு முழமாவது தள்ளி இருக்கிறதா?
• நடக்கும் வழியில் வயர் கிடக்கிறதா?
• எந்த வயராவது மேடை விளிம்பில் தொங்குகிறதா?
• கெட்டிலும் ஏர் ஃபிரையரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கின்றனவா?
• சூடேறும் பிளக், கறை படிந்த சாக்கெட் ஏதும் உண்டா?
• ஆர்.சி.சி.பி.யைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

தனியாகப் பார்க்கச் சிரமமாக இருந்தால் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில்லை. இன்று கெட்டிலைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். நாளை தரையில் கிடக்கும் வயரை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் செலவே இல்லை.